கடற்கரையில் நிற்கும் கவர்னர் துய்ப்ளெக்ஸ்

நமது மறைமாவட்டத் தலைநகராம் புதுவைக்குச் செல்லும் பங்கு மக்கள், கடற்கரைச் சாலையின் தென்கோடிப் பூங்காவில் ஒரு சிலையைக் கண்டிருப்பர். அவரே கவர்னர் துய்ப்ளெக்ஸ்.

1697-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு லாந்திரெசி நகரில் பிறந்தவர். கம்பெனி அலுவலராக இளவயதிலேயே புதுவை வந்தார். 1731 முதல் வங்காளத்துச் சந்திரநாகூருக்குத் தலைவராயிருந்து அதன் வாணிபத்தைப் பெருக்கினார். 1741-இல் ஷான் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அம்மையார் புதுவையிலேயே பிறந்தவர், தமிழ் அறிந்தவர். மறு ஆண்டே துய்ப்ளெக்ஸ் புதுவைக் கவர்னரானார். உழவர்கரையில் ஆலயம் எழுப்பிய கிறிஸ்தவப் பெருமகன் கனகராய முதலியாரும், அவருக்குப் பின் ஆனந்தரங்கப் பிள்ளையும் அவரிடம் தலைமைத் துபாஷிகளாயிருந்தனர்.

1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. 1748-இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினர். அந்த முற்றுகையின்போதுதான், சேசு சபையாரின் சம்பாக் கோயிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. சேசு சபைக் குருக்களும் கவர்னரின் மனைவியும் இதை நெடுநாளாக விரும்பினர் என்பது பிள்ளையவர்களின் நாட்குறிப்பால் தெரிகிறது. கத்தோலிக்கராகிய நாம் இதை மறைத்து எழுதுவது நேர்மையன்று. அண்டை வீட்டார் வழிபட்ட இடம் அது. சம்பாக் கோயிலுக்கும் அதே கதி நேர்ந்தது. 1761-இல் புதுவையைப் பிடித்த ஆங்கிலேயர் அதைத் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் பேராலயம் பின்னர் எழுந்தது.

1750-இல் செஞ்சிக் கோட்டை ஓரிரவுத் தாக்குதலில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. நமக்கு அண்டையிலுள்ள தியாகதுருகமும் அக்காலப் போர்களில் கைமாறிய கோட்டையே. ஆர்க்காட்டு நவாபு பதவிக்குச் சந்தா சாகிபைத் துய்ப்ளெக்ஸ் ஆதரித்தார். 1752-இல் திருச்சிப் போரில் சந்தா சாகிபு மாண்டதும் எல்லாம் சரிந்தது. கம்பெனிக்கு வேண்டியது இலாபம், அவர் தேடியதோ இராச்சியம். 1754-இல் பதவி பறிக்கப்பட்டுத் திருப்பி அழைக்கப்பட்டார். போருக்குச் செலவிட்ட சொந்தப் பணத்தைக் கேட்டுக் கம்பெனியுடன் வழக்காடியே காலம் கழிந்தது. ஷான் அம்மையார் 1756-இல் இறந்தார். அவரோ 1763 நவம்பரில் பாரிசில் வறுமையில் மாண்டார்.

இறந்து நூறாண்டு கடந்தபின், 1870-இல், அவருக்குப் புதுவைக் கடற்கரையில் சிலை எழுப்பினர். பிரெஞ்சு ஆட்சி போனபின் அது இடம் பெயர்க்கப்பட்டுச் சில காலம் ஒதுங்கியிருந்தது. பிறகு அதை உடைக்கவோ ஒளிக்கவோ செய்யாமல், தென்கோடியில் மீண்டும் நிறுத்தினார்கள். அவர் முன்பு நின்ற இடத்தில், செஞ்சியிலிருந்து கொணர்ந்த கல் தூண்களின் நடுவே, இப்போது காந்தியடிகள் நிற்கிறார்.