வல்லத்தில் பிறந்த கணித மேதை

மதுரையில் இருந்துகொண்டு குற்றாலம் போகாத குடும்பம் நம் குடியிருப்பில் இருக்காது. அருவிக்குப் பக்கத்தில் உள்ள வல்லத்தில்தான் 1901 ஏப்ரல் 5 அன்று எஸ்.எஸ். பிள்ளை (சிவசங்கரநாராயண பிள்ளை) பிறந்தார். கைக்குழந்தையிலேயே தாயை இழந்தார். பள்ளி முடிக்கும் முன் தந்தையையும். படிப்பு நிற்க இருந்தபோது சாஸ்திரியார் என்ற ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்து உதவிப் படிக்க வைத்தார். அந்தப் பணம் வீண் போகவில்லை. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். 1770-ல் வாரிங் என்ற ஆங்கிலேயர் விட்டுச்சென்ற கணக்குக்குப் பெரும்பகுதி விடை கண்டவரும் இவரே. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

வங்கியில் வித்தியாசம் என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். பிள்ளையோ வித்தியாசத்தைத் தேடிப் போனவர். ஓர் எண்ணை அதே எண்ணால் ஒரு முறையோ பல முறையோ பெருக்கி வருபவற்றை வரிசையாக எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36... அடுத்தடுத்த வித்தியாசம் 3, 4, 1, 7, 9, 2, 5, 4. ஒழுங்கே கிடையாது. 100-க்கும் 121-க்கும் இடையே 21 ஆகிறது. உடனே 125, 128 வந்து 4, 3 என்று இறங்கிவிடுகிறது. ஆனாலும் எந்த வித்தியாசமும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப வராது, சில தடவையோடு நின்றுவிடும் என்பது பிள்ளையின் கணிப்பு.

1950-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்டார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே விமானம் விழுந்து இறந்தார். வயது 49.

வித்தியாசம் 1 என்பது 8, 9 தவிர வேறெங்கும் வராது என்று 2002-ல் ருமேனியாவில் பிறந்த மிஹைலெஸ்கு நிரூபித்தார். 2-க்கு இன்றுவரை நிரூபணம் இல்லை.