தொண்ணூற்றொன்பது நாள் பேரரசர்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

விலங்கியல் மாணவனாகிய நான் ஓர் அரசரின் வரலாற்றை எழுதத் துணிந்ததற்குக் காரணம் உண்டு. அவர் வாழ்வின் போக்கை மாற்றியது, நுண்ணோக்கியின் அடியில் வைக்கப்பட்ட ஒரு சிறு திசுத் துணுக்கு.

ஜெர்மானியப் பேரரசர் மூன்றாம் பிரெடரிக் 1831இல் பிறந்தவர். 1858இல் இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் மூத்த மகளை மணந்தார். 1866, 1870ஆம் ஆண்டுப் போர்களில் படைத்தலைவராக வென்றும், போரை வெறுத்தார். பாராளுமன்ற ஆட்சியை விரும்பினார். தந்தை முதலாம் வில்லியம் தொண்ணூறு வயது வரை வாழ்ந்தமையால், ஐம்பத்தாறு வயது வரை பட்டத்து இளவரசராகவே இருந்தார்.

1887இன் தொடக்கத்தில் அவருக்குக் குரல் கம்மியது. பெர்லின் பேராசிரியர் கெர்ஹார்ட், இடக் குரல்நாணில் சிறு கட்டியைக் கண்டார். சூடேற்றிய கம்பியால் பலமுறை தீய்த்தும் அது மீண்டும் வளர்ந்தது. மே மாதம், குரல்வளையைத் திறந்து கட்டியை அகற்ற அறுவை மருத்துவர் பெர்க்மான் ஆயத்தமானார். அந்நாளில் அது உயிருக்கே ஆபத்தான சிகிச்சை. லண்டனிலிருந்து வந்த தொண்டை மருத்துவர் மெக்கன்சி, முதலில் திசுவைச் சோதிக்க வேண்டுமென்றார். கிள்ளியெடுத்த துணுக்குகள் விர்ச்சோவிடம் சென்றன. உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்று நாம் படிக்கும் கொள்கைக்குரிய அதே விர்ச்சோதான்! துணுக்கில் புற்றுநோய் இல்லை என்று எழுதிய அவர், அதைக் கொண்டு நோய் முழுவதையும் உறுதியாகத் தீர்மானிக்க இயலாது என்றும் எழுதினார். முற்பகுதி மகிழ்ச்சி தந்தது. பிற்பகுதி காற்றில் போயிற்று. அறுவை கைவிடப்பட்டது.

நவம்பரில், இத்தாலியின் சான் ரெமோவில் தங்கியிருந்தபோது, புற்றுநோய் என்பது தெளிவாயிற்று. குரல்வளையை முழுவதும் அகற்ற அவர் இசையவில்லை. 1888 பிப்ரவரியில் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் பொருத்தினர். மார்ச் 9இல் தந்தை மறைய, பேச இயலாத பேரரசராக அரியணை ஏறினார். தாளில் எழுதிக் காட்டியே ஆட்சி செய்தார். ஜூன் 15இல் உயிர் நீத்தார். பிரேதப் பரிசோதனை புற்றுநோயை உறுதி செய்தது. அவர் மகன் இரண்டாம் வில்லியத்தின் ஆட்சியில்தான் 1914ஆம் ஆண்டுப் பெரும்போர் மூண்டது.

மருவைப் போல மெல்ல வளரும் அரிய புற்று வகை ஒன்றை 1948இல் அமெரிக்க அறிஞர் ஆக்கர்மன் விளக்கினார். அதன் மேற்பரப்பு அணுக்கள் நல்லவை போலவே தோன்றும். ஆழத்திலிருந்து போதிய திசு எடுத்தால்தான் உண்மை புலப்படும். பிரெடரிக்குக்கு வந்தது அவ்வகையாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் கருதினர்.

எங்கள் குடும்பத்தில் நுண்ணோக்கியில் முதன்முதலாகக் கண் வைத்தவன் நான். கண்ணாடித் தகட்டில் தெரிவது அத்துணுக்கின் உண்மை மட்டுமே என்பதை இப்பேரரசரின் வாழ்வு எனக்கு உணர்த்தியது. எங்கள் ஊரில் குரல் கம்மினால் பனங்கற்கண்டை வாயிலிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். மூன்று வாரத்துக்கு மேல் கம்மல் நீடித்தால் தொண்டை மருத்துவரிடம் காட்டுமாறு, நண்பர்களே, நாம்தான் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும்.