சாவித்திரிபாய் அம்மையாரின் பள்ளிக்கூடம்

பெண்மக்களைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பும் பெற்றோர் இரண்டு நன்மைகளை எதிர்பார்க்கின்றனர். ஒன்று, எழுத்தும் எண்ணும். மற்றொன்று, நல்லொழுக்கம். எழுத்தையும் எண்ணையும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டிவிடலாம். ஒழுக்கத்தை எதில் எழுதிக் காட்டுவது? நீதிமொழிகளை உருப்போடச் செய்தால் ஒழுக்கம் வந்துவிடுமா? வாய் திறவாதே, தலை நிமிராதே என்று சொல்லிச் சொல்லி வளர்த்தால் வந்துவிடுமா? இக்கேள்விகளுக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்பே, இன்று புனே எனப்படும் பூனா நகரில், ஒரு பெண்மணி தம் வாழ்வையே விடையாகத் தந்தார். அவரே சாவித்திரிபாய் பூலே அம்மையார்.

மராட்டிய நாட்டில், சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த நாய்காவ் என்னும் சிற்றூரில், 1831ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 3ஆம் நாள் சாவித்திரிபாய் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நெவசே பாட்டீல், தாயார் இலட்சுமி. அக்கால வழக்கப்படி 1840ஆம் ஆண்டில், ஒன்பதாவது வயதிலேயே, அவருக்கு மணம் முடித்து வைத்தனர். மணமகன் ஜோதிராவுக்கு வயது பதின்மூன்று. ஜோதிராவின் முன்னோர் மலர் விற்பனை செய்தவர்கள். பூலே என்னும் குடும்பப் பெயரும் அத்தொழிலால் வந்ததேயாகும்.

மணமாகி வந்த சிறுமிக்கு எழுத்து தெரியாது. அது அவருடைய குற்றமன்று. பெண் படித்தால் குடும்பம் கெடும் என்றும், தாழ்ந்த குலத்தான் படித்தால் உலகம் கெடும் என்றும் நம்பிய காலம் அது. பேஷ்வாக்களின் ஆட்சி 1818இல் ஒழிந்துவிட்டது. எனினும் அவர்கள் வளர்த்த வைதிகக் கட்டுப்பாடு பூனாவின் தெருக்களில் ஒழியாதிருந்தது. அத்தகைய ஊரில் ஜோதிராவ் தம் துணைவியாருக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். தாயை இழந்த ஜோதிராவை எடுத்து வளர்த்த சகுணாபாய் என்னும் உறவினரும் சாவித்திரிபாயுடன் அமர்ந்து கற்றார். பின்னர்ச் சாவித்திரிபாய் ஆசிரியைக்குரிய பயிற்சியும் பெற்றார்.

அகமதுநகரில் ஃபாரர் என்னும் அமெரிக்கப் பாதிரிச் சபை அம்மையார் நடத்திவந்த பெண்கள் பள்ளியை ஜோதிராவ் கண்டிருந்தார். அயல்நாட்டார் நம் பெண்களுக்குச் செய்வதை நாம் ஏன் செய்தலாகாது என்னும் எண்ணம் அவருள்ளத்தில் வேரூன்றியது. 1848ஆம் ஆண்டில், பூனாவின் புதவாரப் பேட்டையில், பிடே என்பவருடைய மாளிகையில் பெண்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. சாவித்திரிபாய் அதன் ஆசிரியையானார். அப்பொழுது அவருக்கு வயது பதினேழு. வந்த மாணவியரோ பத்துப் பேருக்கும் குறைவு.

அந்தச் சில மாணவியர் முதன்முதலில் கற்ற பாடம் யாது என்று எண்ணிப் பாருங்கள். அம்மையார் வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்து செல்லும்போது தெருவில் நின்றோர் வசைபாடினர், சாணத்தை எறிந்தனர், கல்லையும் எறிந்தனர். ஆகவே அவர் மாற்றுச் சேலையொன்றைக் கையோடு கொண்டு செல்வாராம். பள்ளிக்குச் சென்று அழுக்குச் சேலையை மாற்றிக்கொண்டு பாடத்தைத் தொடங்குவார். மாலையில் மறுபடியும் அழுக்கான சேலையை உடுத்திக்கொண்டு அதே தெருவழியே வீடு திரும்புவார். பொறுமையைப் பற்றியும் அஞ்சாமையைப் பற்றியும் நூறு நாள் பேசினாலும் பதியாதது, இதை நாள்தோறும் கண்ட பிள்ளைகளின் நெஞ்சில் பதிந்திருக்கும்.

தெருவில் தோன்றிய எதிர்ப்பு வீட்டிற்குள்ளும் நுழைந்தது. ஊராரின் நெருக்குதலுக்கு ஆளான ஜோதிராவின் தந்தையார், பள்ளியை விடுக, இல்லையேல் வீட்டை விடுக என்னும் நிலைக்கு வந்துவிட்டார். 1849இல் கணவனும் மனைவியும் வீட்டை விட்டு வெளியேறினர். அவர்களுக்கு இடமளித்தவர் உஸ்மான் ஷேக் என்னும் முஸ்லிம் நண்பர். அவ்வில்லத்துப் பெண்மணியாகிய பாத்திமா ஷேக் சாவித்திரிபாயின் கல்விப் பணிக்கும் துணையானார். 1856ஆம் ஆண்டு, நோயுற்றுத் தாய்வீட்டில் தங்கியிருந்த காலத்தில், சாவித்திரிபாய் தம் கணவருக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் இல்லாமையால் பாத்திமாவின் மீது வேலைச்சுமை முழுவதும் விழுந்திருக்குமே என்று அதில் வருந்துகிறார். ஆயினும் அவர் முணுமுணுக்கமாட்டார் என்று நம்பிக்கையும் தெரிவிக்கிறார். வேறு வேறு மதத்தில் பிறந்த இருவர் ஒரே பணியைத் தோள் மாற்றிச் சுமந்தனர். சகோதரத்துவம் என்னும் சொல்லுக்கு இதனினும் தெளிவான பொருள் வேண்டுமோ?

முதற்பள்ளி சில மாதங்களே நடந்து நின்றுபோயிற்று. அவர்கள் மனம் தளரவில்லை. 1851ஆம் ஆண்டு மீண்டும் ஒரு பெண்கள் பள்ளி தொடங்கப்பட்டது. 8 மாணவியரோடு தொடங்கிய அப்பள்ளியில் விரைவில் 48 பேர் சேர்ந்தனர். அடுத்து ராஸ்தாப் பேட்டையிலும், வேதாளப் பேட்டையிலும் பள்ளிகள் எழுந்தன. மகார், மாங் என்னும் தீண்டப்படாதார் எனப்பட்ட வகுப்புகளின் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் ஏற்பட்டன. 1852ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் பூனாவில் விழா நடத்தி இக்கல்விப் பணியைப் பாராட்டினர். கல்லெறிந்த ஊரிலேயே நான்கு ஆண்டுகளுக்குள் சால்வையும் கிடைத்தது. ஆனால் கல்லுக்கு நிற்காத கால்கள் சால்வைக்கும் நிற்கவில்லை.

அன்பர்களே, பள்ளியைத் திறப்பது ஒரு வேலை. வந்த பிள்ளையை நிறுத்திவைப்பது அதனினும் பெரிய வேலை. ஏழை வீட்டுப் பெண் காலையில் பள்ளிக்கு வந்தால், அன்று வீட்டில் தண்ணீர் எடுப்பார் யார்? தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வார் யார்? கூலி வேலைக்குச் செல்லும் தாய்க்கு உதவுவார் யார்? இக்கேள்விகளுக்கு விடையில்லாத பள்ளி, எவ்வளவு நல்ல பாடம் நடத்தினாலும் பாதிப் பிள்ளைகளை இழந்துவிடும். சாவித்திரிபாய் இதனை உணர்ந்திருந்தார். பிள்ளைகள் நின்றுவிடாதிருக்கச் சிறு உதவித்தொகை கொடுத்தார். பெற்றோரை அழைத்துப் பேசினார். பகலெல்லாம் உழைக்கும் குடியானவர்க்கும் கூலியாளர்க்கும் 1855ஆம் ஆண்டில் இராப்பள்ளியும் தொடங்கப்பட்டது. பகலில் மகள் கற்க, இரவில் தந்தை கற்றால், வீட்டில் கல்விக்குப் பகை ஏது?

இப்பள்ளிகளில் வளர்ந்த குணம் எத்தகையது என்பதற்கு ஒரு மாணவியே சான்று. மாங் வகுப்பில் பிறந்த முக்தா சால்வே என்னும் பதினான்கு வயதுப் பெண், 1855ஆம் ஆண்டில், மாங், மகார் மக்களின் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். அது ஞானோதயம் என்னும் மராட்டிய இதழில் அச்சாயிற்று. தன் இனத்துப் பெண்கள் வெட்டவெளியில் பிள்ளை பெறும் கொடுமையை அதில் அவள் எடுத்துரைத்தாள். வேதம் எங்களுக்கில்லை என்று விலக்குவோரானால், அந்த வேதத்தின் மதமும் எங்களுக்கில்லை என்றாகிறதே என்று நியாயம் கேட்டாள். சில ஆண்டுகளே பள்ளியில் பயின்ற சிறுமியின் வினா அது. அதனைப் படித்தோர் அவளை அடங்காதவள் என்றிருக்கலாம். ஆனால் அவள் பொய் பேசவில்லை; பிறரை இழிவு செய்யவில்லை; தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. தன் மக்களின் துன்பத்தைக் கண்டாள், அதன் காரணத்தை ஆராய்ந்தாள், அச்சமின்றிச் சொன்னாள். கண்டதை ஆராய்தலும், ஆராய்ந்ததை அஞ்சாது சொல்லுதலும் நல்லொழுக்கத்தின் இரு கண்கள் அல்லவா? வாய்மூடியிருப்பதையே ஒழுக்கமென்று கற்பிக்கும் பள்ளியிலிருந்து ஒரு முக்தா தோன்றுவதில்லை.

சாவித்திரிபாய் தாமும் எழுதுகோலைப் பிடித்தவர். 1854ஆம் ஆண்டில் அவருடைய செய்யுள் நூலாகிய காவ்ய பூலே வெளிவந்தது. கல்வியின்மையால் அறிவும் உடைமையும் சுயமரியாதையும் போகின்றன. ஆகையால் சோம்பியிராமல் கற்க முற்படுங்கள் என்பதே அவர் தம் மக்களுக்கு இடைவிடாது சொல்லிவந்த செய்தி.

1857ஆம் ஆண்டுக் கலகத்திற்குப் பின் பள்ளிகளுக்கு வந்துகொண்டிருந்த பொருளுதவி குறைந்தது. பள்ளிகளின் நடப்பும் தளர்ந்தது. ஆனால் அம்மையாரின் பள்ளிக்கூடம் அப்பொழுதும் மூடப்படவில்லை என்றே நான் சொல்வேன். அது அவர்களுடைய வீட்டிற்குள் இடம் மாறிற்று.

அக்காலத்தில் மேல்வகுப்புகளில் இளம் விதவைகள் மறுமணம் செய்ய இயலாது. வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றால் அவர்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன: ஒன்று தற்கொலை, மற்றொன்று சிசுக்கொலை. 1863ஆம் ஆண்டில் பூலே தம்பதியர் தம் இல்லத்திலேயே அத்தகைய பெண்களுக்கு அடைக்கலம் அமைத்தனர். எவரும் வந்து பாதுகாப்பாகப் பிள்ளை பெற்றுச் செல்லலாம்; விரும்பினால் பிள்ளையை அங்கேயே விட்டுச் செல்லலாம். வந்தோர் பலர் பிராமண விதவைகள். இவர்களுடைய சுற்றத்தாரிலும் அம்மையார்மீது வசைமொழி வீசியவர் இருந்திருக்கலாம். அதையெல்லாம் அவர் கணக்கிடவில்லை. பிள்ளைப்பேற்றின் வேதனையை மட்டுமே பார்த்தார். அவ்வாறு வந்த காசிபாய் என்னும் பெண்ணின் ஆண்குழந்தையை, மக்கட்பேறில்லாத அவ்விருவரும் தம் மகனாக ஏற்று யஷ்வந்த் என்று பெயரிட்டு வளர்த்தனர்.

1868ஆம் ஆண்டில் தம் வீட்டு நீர்த்தொட்டியைத் தீண்டப்படாதார் எனப்பட்டோருக்குத் திறந்துவிட்டனர். ஊர்க்கிணற்றில் குடம் வைக்கவும் உரிமையற்றிருந்த மக்கள் அவ்வீட்டு முற்றத்தில் தண்ணீர் முகந்தனர். சமத்துவம் என்னும் பாடம் அங்கே தண்ணீரில் எழுதப்பட்டது, ஆயினும் அழியவில்லை.

1873ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஜோதிராவ் சத்தியசோதக சமாஜத்தை நிறுவினார். புரோகிதரில்லாத, வரதட்சணையில்லாத எளிய திருமணத்தை அச்சங்கம் நடத்திக் காட்டியது. 1876, 1877ஆம் ஆண்டுகளில் மராட்டிய நாட்டைக் கொடும்பஞ்சம் வாட்டியபொழுது, சாவித்திரிபாய் ஜுன்னர்ப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று நிவாரணப் பணி செய்தார். பசித்த பிள்ளைகளுக்கு உணவளிக்கும் ஏற்பாட்டில் முன்னின்றார்.

மகன் யஷ்வந்த் வளர்ந்து மருத்துவரானார். 1889இல் அவருக்குச் சத்தியசோதக முறையிலேயே திருமணம் நடந்தது. மணமகளாகிய இராதாவை மணத்திற்கு முன்னரே தம் இல்லத்திற்கு அழைத்து வந்து, அவள் படிப்பதற்காக வீட்டு வேலைகளை அம்மையாரே செய்தார் என்பர். மருமகள் படிக்க மாமியார் அடுப்பூதிய வீடு அது. எழுத்தறியாமல் ஒன்பது வயதில் மணப்பெண்ணாக வந்தவர், தமக்கு நேர்ந்தது இன்னொரு பெண்ணுக்கு நேராவண்ணம் காத்தார். தாய்மார்கள் இச்செய்தியை ஒருமுறைக்கு இருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1890ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். எடுத்து வளர்த்த மகனுக்கு ஈமக்கடன் செய்யும் உரிமையில்லை என்று உறவினர் வாதிட்டனர். சாவித்திரிபாய் தாமே தீச்சட்டியைக் கையிலேந்தி இறுதி ஊர்வலத்தின் முன்னே நடந்தார். பெண் சுடுகாட்டிற்கு வருதலாகாது என்று கருதிய நாட்டில் நடந்த நிகழ்ச்சி இது. பதினேழாம் வயதில் கல்லடிக்கிடையே நடந்த அதே நடைதான் ஐம்பத்தொன்பதாம் வயதிலும் அவருக்கிருந்தது. அதன்பின் சமாஜத்தின் பொறுப்பையும் ஏற்றார். 1893இல் சாஸ்வட் நகரில் கூடிய அதன் மாநாட்டிற்குத் தலைமை வகித்தார்.

1897ஆம் ஆண்டில் பூனாவில் பிளேக் நோய் பரவியது. வீட்டுக்கு வீடு சாவு விழுந்தது. பெற்ற பிள்ளையைத் தொடவும் பெற்றோர் அஞ்சினர். யஷ்வந்த் ஊருக்கு வெளியே, ஹடப்சர் அருகே, நோயாளிகளுக்கு மருத்துவ மனை அமைத்தார். அறுபத்தாறு வயதான அம்மையார் நோயாளிகளைத் தேடிச் சென்று அங்கே கொண்டுவந்து சேர்த்தார். முண்ட்வா என்னும் ஊரின் மகார் குடியிருப்பில் ஒரு சிறுவன் நோயுற்றுக் கிடப்பதை அறிந்து, அவனைத் தம் தோள்மீது சுமந்து மருத்துவமனைக்கு வந்தார். அந்நோய் அவரையும் பற்றிக்கொண்டது. 1897ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.

தீண்டினால் தீட்டு என்று உலகம் ஒதுக்கிய பிள்ளையைத் தோளில் சுமந்தே அவ்வாசிரியையின் வாழ்வு நிறைவெய்தியது. அதுவே அவர் நடத்திய கடைசிப் பாடமுமாகும்.

புத்தர், கபீர், ஜோதிபா பூலே ஆகிய மூவரையும் தம் குருமார் என்று பாபாசாகேப் அம்பேத்கர் போற்றினார். சூத்திரர் யார் என்று ஆராய்ந்து 1946இல் வெளியிட்ட நூலை ஜோதிபாவுக்கே உரிமையாக்கினார். அந்தக் குருவின் பணியில் சரிபாதியைச் சுமந்தவர் சாவித்திரிபாய். பூனாப் பல்கலைக் கழகத்திற்கு 2014ஆம் ஆண்டில் அவருடைய பெயர் சூட்டப்பட்டது. முதற்பள்ளி நடந்த பிடே மாளிகை சிதைந்து பல்லாண்டுகள் வழக்கில் கிடந்து, நினைவகம் எழுப்புவதற்காக 2023 டிசம்பரில் இடிக்கப்பட்டது.

நினைவகம் எழும், நன்று. ஆனால் நம் பங்குக்கு நாம் செய்ய வேண்டுவன சில உள. பெண்பிள்ளையை இடையில் நிறுத்தாமல் படிக்க வையுங்கள். வீட்டு வேலை மிகுந்தால் அண்ணனும் தம்பியும் பங்கிட்டுக்கொள்ளட்டும். அவள் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்தால் விடை சொல்லுங்கள், தெரியாவிட்டால் அவளோடு சேர்ந்து தேடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பணமின்றிப் பள்ளியை விட்டு நின்றால், சங்கத்தார் கூடி அவளுக்குப் புத்தகமும் உடையும் வாங்கிக் கொடுங்கள். மாலைதோறும் ஒரு மணி நேரம், ஒரே விளக்கின்கீழ், தெருப் பிள்ளைகள் அனைவரும் கூடிப் படிக்க ஓரிடம் ஏற்படுத்துங்கள். மூத்தவள் இளையவளுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். சாவித்திரிபாய் அம்மையாரின் பள்ளிக்கூடம் அங்கே நடக்கும்.