வெம்பிளியில் நான் பார்த்த ஃபிரெடி மெர்குரி

சென்ற பள்ளி விடுமுறையில், படிவம் நான்கில் படிக்கும் என் அண்ணன் பேத்தி எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். ஒரு நாள் மாலை, குயீன் இசைக்குழுவைப் பற்றி 2018இல் வெளிவந்த ‘பொஹிமியன் ராப்சொடி’ படத்தைப் பார்த்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தாள். படத்தின் முடிவில் வரும் லைவ் எய்ட் நிகழ்ச்சிக்குச் சின்னத் தாத்தா நேரில் போயிருந்ததாக அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார். அது உண்மையா, படத்தில் காட்டியபடியேதான் எல்லாம் நடந்ததா என்று கேட்டாள். போனது உண்மை. நடந்தது எல்லாம் படத்தில் உள்ளபடி இல்லை. எது எது இல்லை என்று சொல்லத் தொடங்கி இரவு பதினொரு மணியாகிவிட்டது. அவளிடம் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஃபிரெடி மெர்குரி என்பது அவர் வைத்துக்கொண்ட பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஃபரோக் புல்சாரா. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் சான்சிபார் தீவில் பிறந்தார். இந்தியாவிலிருந்து போன பார்சிக் குடும்பம் அது. தந்தை ஆங்கிலேய அரசாங்கத்தில் காசாளர் வேலை பார்த்தார். மகனுக்கு எட்டு வயதானபோது, படிப்புக்காகக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பம்பாய்க்குத் தெற்கே மலைமேல் இருக்கும் பஞ்ச்கனியில் ஒரு விடுதிப் பள்ளி. எட்டு வயதுப் பையன், தாய் தந்தை கடல் கடந்து இருக்க, விடுதியில் வளர்ந்தான். சக மாணவர்கள்தான் அவனை ஃபிரெடி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் பியானோ கற்றார். பள்ளித் தோழர்கள் ஐந்து பேர் சேர்ந்து ‘ஹெக்டிக்ஸ்’ என்ற குழுவை அமைத்தார்கள். அதில் ஃபிரெடி முதன்மைப் பாடகர் அல்ல, பியானோ வாசித்தவர். முன்னால் நின்று பாடியவன் வேறொரு மாணவன்.

இன்னொன்றும் அந்தப் பள்ளியில் நடந்தது. அவருடைய வாயில் வழக்கத்தைவிட நான்கு பற்கள் அதிகம். அவை நெருக்கியதால் முன்பற்கள் வெளியே தள்ளிக்கொண்டு நின்றன. பையன்கள் அதற்கேற்ற பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வாழ்நாள் முழுதும், பேட்டிகளில் சிரிக்கும்போது அவர் கையாலோ மேலுதட்டாலோ பற்களை மறைப்பதைப் பார்க்கலாம். பிறகு பணம் கொட்டியபோதும் பற்களைச் சரிசெய்யவில்லை. செய்தால் குரல் மாறிவிடுமோ என்ற பயம். இதை நான் இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் உண்டு. எனக்கும் முன்பற்கள் எடுப்பு. தைப்பிங்கில் நான் படித்த காலத்தில் என் பெயர் பல்லன். வகுப்பில் எழுந்து பதில் சொல்லும்போது கை தானாக வாய்க்குப் போய்விடும்.

1964 ஜனவரியில் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. அரபியர், இந்தியர் பலர் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனது. ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்தம் என்ற ஊரில் ஒரு சிறிய வீடு. ஃபிரெடிக்கு அப்போது பதினேழு வயது. ஈலிங் கலைக் கல்லூரியில் வரைகலை வடிவமைப்பு படித்து 1969இல் டிப்ளோமா பெற்றார். கென்சிங்டன் சந்தையில், பின்னாளில் தன் குழுவின் டிரம்ஸ் கலைஞரான ரோஜர் டெய்லருடன் சேர்ந்து பழைய துணி விற்றார்.

1970இல் குயீன் பிறந்தது. அந்தப் பெயரும் அவர் வைத்ததே. குழுவின் சின்னத்தை நால்வரின் ராசிகளையும் சேர்த்து அவரே வரைந்தார். மற்ற மூவரின் படிப்பைச் சொன்னால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். கிட்டார் வாசித்த பிரையன் மே இயற்பியல் மாணவர். பாதியில் விட்ட வானியல் ஆய்வை 2007இல் முடித்து முனைவர் பட்டம் வாங்கினார். பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீக்கன் மின்னணுவியல் படித்தவர். ரோஜர் டெய்லர் லண்டனுக்கு வந்ததே பல் மருத்துவம் படிக்கத்தான்! பிறகு அதை விட்டு உயிரியலுக்கு மாறினார். ஃபிரெடியின் வாயை இருபது ஆண்டு பக்கத்திலிருந்து பார்த்த அவர் மனத்தில் என்ன ஓடியதோ.

‘பொஹிமியன் ராப்சொடி’ பாடல் 1975இல் வந்தது. ஏறக்குறைய ஆறு நிமிடம். அவ்வளவு நீளமான பாட்டை வானொலி ஒலிபரப்பாது என்று பலரும் சொன்னார்கள். பிரிட்டனில் அது ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. எனக்கு அது 1980இல்தான் வந்து சேர்ந்தது, தைப்பிங் பசார் மாலாமில் மூன்று வெள்ளிக்கு விற்ற திருட்டு கேசட் வழியாக. அட்டையில் குழுவின் பெயரைக்கூடத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். அப்பாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. தலையணைக்கடியில் ரேடியோவை வைத்துக் கேட்டேன்.

1983இல் கணக்கியல் படிக்க லண்டன் போனேன். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் கடுமையாக இருந்த காலம். மாலையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட, 1985 ஜூலை 13ஆம் தேதி சனிக்கிழமை வெம்பிளி அரங்கில் லைவ் எய்ட் நடக்கும் என்று அறிவித்தார்கள். நுழைவுச்சீட்டு 25 பவுண்டு. அதில் 20 பவுண்டு நன்கொடை. எனக்கு அது பல வாரச் சாப்பாட்டுச் செலவு. பினாங்கைச் சேர்ந்த சீன நண்பன் ஒருவன் கூட வந்தான். எங்கள் விடுதியில் இருந்த இன்னொரு மலேசிய நண்பன் வர மறுத்துவிட்டான். காரணம் குயீன்.

படத்தில் இந்தக் கதை வராது. 1984 அக்டோபரில் குயீன், தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் போய்ப் பாடியது. அங்கே நிறவெறி ஆட்சி நடந்த காலம். கலைஞர்கள் அங்கே போகக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் சபை கேட்டிருந்தது. நம் துங்கு அவர்கள் 1961இலேயே காமன்வெல்த் மாநாட்டில் நிறவெறியை எதிர்த்து முன்னால் நின்றவர். இப்படியிருக்க, தானும் வெள்ளையர் அல்லாத ஒருவர் அங்கே போய்ப் பாடலாமா? எல்லா இனத்தாரும் வந்து கேட்கலாம், நாங்கள் அரசியல் பேசுபவர்கள் அல்ல என்ற பொருளில் குழுவினர் விளக்கம் சொன்னார்கள். அங்குள்ள காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளிக்குப் பண உதவியும் செய்தார்கள். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கம் அபராதம் விதித்தது. என் நண்பன் செய்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் நான் போனேன்.

நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. நல்ல வெயில். ஏறக்குறைய 72,000 பேர். மேடைக்கு நேர் எதிரே தூரத்தில் எங்களுக்கு இடம். பாடகர்கள் கட்டைவிரல் அளவுக்குத்தான் தெரிந்தார்கள். ஆறே முக்கால் மணி வாக்கில் குயீன் வந்தது. இன்னும் பகல் வெளிச்சம். அதனால் விளக்கு அலங்காரம், புகை எதுவும் இல்லை. ஒரு மனிதர், வெள்ளைப் பனியன், வெளுத்த ஜீன்ஸ், அடிப்பாகம் இல்லாத அரைக் கம்பில் ஒலிவாங்கி. அந்தக் கம்பு தொடக்க காலத்தில் ஒரு நிகழ்ச்சி நடுவே உடைந்துபோனதாகவும், அவர் அப்படியே பாடியதாகவும், பிறகு அதுவே பழக்கமானதாகவும் சொல்வார்கள்.

அவர்களுக்குக் கிடைத்தது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். ‘ரேடியோ கா கா’ பாட்டில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டிய இடம் வந்ததும், எங்களைச் சுற்றியிருந்த அத்தனை கைகளும் மேலே போயின. மேலே இருந்து பார்த்ததால் ஒன்றைக் கவனித்தேன். கைகள் ஒரே நேரத்தில் தட்டவில்லை. மேடைக்கு அருகே தட்டு தொடங்கி, வயலில் காற்று போவதுபோல் பின்னால் வந்தது. இயற்பியல் படிப்பவர்களுக்குப் புரியும்: ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகிறது. 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு அது மூன்றில் ஒரு பங்கு வினாடி தாமதமாகத்தான் சேரும். அந்த அலை எங்களிடம் வந்து சேர்ந்தபோது என் கைகளும் மேலே போயின. பிறகு அவர் சொல் இல்லாமல் வெறும் குரலை நீட்டி எறிந்தார். நாங்கள் திருப்பி எறிந்தோம். சிறியதாகத் தந்தார், நெளித்துத் தந்தார், கடைசியில் யாரும் பிடிக்க முடியாத நீளத்துக்குத் தந்தார். நாங்கள் அதையும் முயன்றோம்.

பெரிய திரையில் அவர் முகம் வந்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது. பற்கள் அத்தனையும் தெரிந்தன. நானும் கத்திக்கொண்டிருந்தேன், என் கை இரண்டும் தலைக்குமேல் இருந்தன. இது எனக்குத் தோன்றியது நிகழ்ச்சி முடிந்து வெம்பிளி பார்க் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோதுதான்.

இப்போது படத்தின் பிழைகள். குழு பல காலம் பிரிந்திருந்து அன்றுதான் சேர்ந்ததுபோல் படம் காட்டுகிறது. உண்மையில் அந்த ஆண்டு ஜனவரியில் ரியோவில் பாடினார்கள், மே மாதம் ஜப்பானில் பாடினார்கள். லைவ் எய்டுக்கென்றே நாள் ஒதுக்கி, நிமிடக் கணக்கு வைத்து ஒத்திகை பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். அன்று நன்றாக அமைந்ததற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம். தனக்கு நோய் இருப்பதை லைவ் எய்டுக்கு முன்பே அவர் தோழர்களிடம் சொல்வதாக வருவதும் கற்பனை. அது உறுதியானது 1987இல் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. நான் பார்த்தவர் சாவை நினைத்துப் பாடியவர் அல்லர். நன்றாகப் பயிற்சி செய்துவிட்டு வந்த முப்பத்தெட்டு வயது மனிதர்.

அடுத்த ஆண்டு ஜூலை 12ஆம் தேதி அதே வெம்பிளியில் குயீனின் தனி நிகழ்ச்சிக்கும் போனேன். மஞ்சள் மேல்சட்டையில் வந்து, முடிவில் கிரீடமும் நீண்ட அங்கியுமாக நின்றார். ஆகஸ்டு 9ஆம் தேதி நெப்வொர்த்தில் இன்னொரு நிகழ்ச்சி. பினாங்கு நண்பன் எனக்கும் சேர்த்துச் சீட்டு வாங்கிவிட்டான். என் படிப்பு முடிந்திருந்தது. விமானம் ஆகஸ்டு முதல் வாரம். பயணத் தேதியை மாற்றக் கூடுதல் பணம் கேட்டார்கள். இவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள், ஒரு நாள் சிங்கப்பூருக்கே வருவார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நெப்வொர்த்துதான் ஃபிரெடி குயீனோடு மேடையேறிப் பாடிய கடைசி நிகழ்ச்சி. ஒரு இலட்சத்துக்கு மேல் கூட்டம். என் சீட்டில் யார் நின்றார்களோ.

நோயோடும் அவர் விடாமல் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனார். ஸ்பானிய ஓபரா பாடகி மொன்செராட் கபாயேவுடன் ‘பார்சலோனா’ பாடினார். அவர் ஓர் ஆணோடு வாழ்ந்தார். அதையும் நோயையும் வெளியில் சொல்லவில்லை. பத்திரிகையாளர்கள் அவர் வீட்டு வாசலிலேயே கிடந்தார்கள். 1991 நவம்பர் 23ஆம் தேதி, தனக்கு எய்ட்ஸ் என்று அறிக்கை வெளியிட்டார். மறுநாள் மாலை இறந்தார். வயது 45.

கோலாலம்பூரில் வேலையில் இருந்தேன். நாளிதழில் இரங்கல் செய்தியைப் படித்தபோதுதான் புல்சாரா என்ற பெயரையும் பஞ்ச்கனியையும் முதன்முதலாக அறிந்தேன். சொராஸ்திரிய சமயக் குருமார் அவருக்கு இறுதிச் சடங்கு செய்தார்களாம். எனக்கு வருத்தத்தைவிடக் கோபம் அதிகம் வந்தது. வெம்பிளியில் எங்களைப்போல் மாநிறத்தவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மேடையில் நின்றவரும் எங்களில் ஒருவர் என்று தெரிந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்! ஏன் சொல்லவில்லை? அந்தக் கோபம் நெடுநாள் நிற்கவில்லை. லண்டனில் இருந்த மூன்று ஆண்டும் நானே என் பெயரைப் பாதியாக வெட்டி, வெள்ளைக்காரர் வாயில் நுழையும்படிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுபதுகளில் ஃபெல்தமில் பதினேழு வயதுப் பையன் என்ன கேட்டிருப்பான், என்ன பட்டிருப்பான் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, அண்ணன் பேத்தி கைப்பேசியில் அசல் லைவ் எய்ட் காணொளியைத் தேடி எடுத்தாள். இருவரும் சேர்ந்து பார்த்தோம். கூட்டத்தைக் காட்டும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, வெகு தூரத்தில் தெரிந்த ஒரு புள்ளியைக் காட்டி, அதுதான் நான் என்றேன். அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். புள்ளி மேலும் மங்கியதே தவிர முகம் தெரியவில்லை. இருந்தாலும் அந்தப் புள்ளிக்கு இரண்டு கை இருக்கிறது, இரண்டும் மேலேதான் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள்.