தி.நகர் ஜவுளிக்கடையில ஓடுற பாட்டுக்குப் பின்னால ஒரு ராணுவ அதிகாரி: யார் இந்த ஜார்ஜ் ஸ்குவையர்?

தி.நகர் உஸ்மான் ரோட்டில் பெரிய ஜவுளிக்கடை எதிலாவது நுழைந்தால் ஏ.சி. காற்றோடு பாட்டும் சேர்ந்தே வரும். நாம் ஒரு மணி நேரத்தில் கட்டைப்பையோடு கிளம்பிவிடுவோம். கவுன்ட்டரில் நிற்கும் ஊழியருக்கோ கடை சாத்தும்வரை அதே பாட்டுதான். கடைக்கும் ஆபீசுக்கும் இசையை சப்ளை செய்யும் தொழிலுக்கு வழிபோட்டவர், ஜார்ஜ் ஓவன் ஸ்குவையர்.

1865-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் படித்து ராணுவத்தில் சேர்ந்தார். 1893-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமும் வாங்கினார். மனுஷன் சும்மா இருக்கிற ரகமே இல்லை. 1908-லேயே ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். உயிருள்ள மரத்தையே ஆன்டெனாவாக்கி சிக்னல் பிடித்துக் காட்டினார். முதல் உலகப்போரில் ராணுவத்தின் சிக்னல் பிரிவுக்கே தலைவர்.

1911-ல் ஒரே டெலிபோன் கம்பியில் ஒரே நேரத்தில் பல பேச்சுகளை அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பேச்சு போகிற கம்பியில் பாட்டு போகாதா என்ன? 1922-ல் ஒரு மின்சார நிறுவனம் இந்த யோசனையைக் கையில் எடுத்தது. கம்பி வழியே வீடுகளுக்கு இசை என்பதுதான் திட்டம். ஆனால் ரேடியோ முந்திக்கொண்டது. 1934-ல் 'மியூசிக்', 'கோடக்' இரண்டையும் ஒட்டி 'மியூசாக்' என்று பெயர் வந்தது. அதே ஆண்டு மார்ச்சில் ஸ்குவையர் இறந்துபோனார்.

வீட்டுக்கென்று தொடங்கியது, அவருக்குப் பிறகு ஹோட்டல், தொழிற்சாலை, ஆபீஸ், கடை என்று போய் நின்றது. 1940-களில் மியூசாக் ஒரு கணக்குப் போட்டது. 15 நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாக வேகமெடுக்கும் இசை; அடுத்த 15 நிமிடம் மௌனம். ஊழியர் சோர்ந்துபோகும் நேரம் பார்த்துத் தெம்பூட்டும் மெட்டுகள். எல்லாமே வேலை வாங்கத்தான். இருந்தாலும் காதுக்கு ஓய்வு வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே இருந்தது.

பிற்பாடு கவனம் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியது. 1982-ல் ரொனால்ட் மில்லிமன் என்ற ஆய்வாளர் அமெரிக்க சூப்பர் மார்க்கெட் ஒன்றில் சோதித்தார். மெதுவான இசை ஓடியபோது ஜனங்கள் நிதானமாக நடந்தார்கள். வேகமான இசை ஓடிய நாட்களைவிட விற்பனை சுமார் 38 சதவீதம் அதிகம். அவர் அளந்தது வாங்க வந்தவர்களின் நடையையும் கடையின் விற்பனையையும்தான். ஷெல்ஃபில் பொருள் அடுக்குகிறவருக்கு அந்த இசை என்ன செய்தது என்பது அதில் இல்லை.

கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்கே தமிழ்நாட்டில் 2021 வரை சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. மியூசாக் என்ற பெயர் 2013-ல் கைவிடப்பட்டது. அதன் 15 நிமிட மௌனம் உஸ்மான் ரோடுவரை வரவே இல்லை.