மேல்கோட்டை படியில் பிசகிய காலுக்கும் ஒரு பிரெஞ்சு மருத்துவருக்கும் என்ன தொடர்பு? யார் இந்த லிஸ்ஃபிராங்க்?

மேல்கோட்டை யோக நரசிம்மர் மலைப்படியில் இறங்குகிறீர்கள். ஒரு படி தவறி, முன்பாதம் மடங்கிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. 'வெறும் சுளுக்குதான்' என்று வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். ஆனா, ரெண்டு வாரம் ஆகியும் நடுப்பாத வலி போகவில்லை.

இது 'லிஸ்ஃபிராங்க் காய'மாக இருக்கலாம். அந்தப் பெயருக்குரியவர் ஷாக் லிஸ்ஃபிராங்க். நெப்போலியன் படையில் பணியாற்றியவர்; பின்னர் பாரிஸின் பித்தியே மருத்துவமனையில் புகழ்பெற்ற அறுவை மருத்துவர்.

மயக்க மருந்து இல்லாத காலம் அது. அழுகிய பாதத்தோடு வருபவரின் காலை ரம்பத்தால் அறுப்பார்கள். லிஸ்ஃபிராங்க் 1815-ல் வேறொரு வழியை விவரித்தார்: நடுப்பாத மூட்டு வழியாகக் கத்தியைச் செலுத்தி முன்பகுதியை மட்டும் எடுப்பது. வலி நேரம் குறைந்தது, குதிகால் மிஞ்சியது. அந்த மூட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். இன்று அவர் பெயரில் அழைக்கப்படும் தசைநார்க் காயத்தை அவர் விவரிக்கவே இல்லை. 1847-ல் இறந்தார்; ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல்.

சரி, எக்ஸ்ரே வந்த பிறகும் ஏன் தவறுகிறது?

பெருவிரல், இரண்டாம் விரல் ஆகியவற்றின் நீள எலும்புகளை அடிப்பகுதியில் நேரடியாக இணைக்கும் தசைநார் கிடையாது. இரண்டாம் எலும்பை உள்பக்க ஆப்பு வடிவ எலும்போடு கட்டிவைப்பது லிஸ்ஃபிராங்க் தசைநார்தான். அது கிழிந்தாலும், படுத்த நிலையில் பாதத்தில் எடை இல்லாததால் எலும்புகள் இடத்திலேயே இருக்கும். படம் இயல்பாகத் தெரியும்.

நின்றபடி எடுத்தால் உடல் எடை அந்த இடைவெளியை விரிக்கும். இரு பாதங்களையும் ஒப்பிடும்போது 2 மி.மீ. வித்தியாசம்கூட எச்சரிக்கைதான். முதல் நாள் வலியில் நிற்க முடியாவிட்டால், ஓரிரு வாரத்தில் மறுபடி எடுக்கலாம். சின்ன எலும்புச் சில்லுகளை சி.டி. காட்டும், தசைநாரையே எம்.ஆர்.ஐ. காட்டும்.

கண்டுகொள்ளாமல் விட்டால் பாத வளைவு தட்டையாகலாம், மூட்டுத் தேய்மானம் வரலாம். அதனால் உள்ளங்காலில் ரத்தக்கட்டு தெரிந்தாலோ, நுனிக்காலில் நிற்க முடியாவிட்டாலோ, மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நின்றபடி எக்ஸ்ரே எடுக்கலாமா?

லிஸ்ஃபிராங்க் கத்தியால் அறிந்த மூட்டை, நீங்கள் வெட்டாமலே பார்க்கலாம்.