கோவை ஜி. டி. நாயுடு

இயந்திரத்தையே ஆசானாகக் கொண்ட ஜி. டி. நாயுடு அவர்கள் 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தார். பள்ளிப் படிப்பு அவர் மனத்தைக் கவரவில்லை. ஆங்கில அதிகாரி ஒருவர் ஏறிவந்த மோட்டார் சைக்கிள் கவர்ந்தது. உணவு விடுதியில் ஊழியம் செய்து பொருள் சேர்த்து, அத்தகைய வண்டி யொன்றை வாங்கினார். உறுப்பு உறுப்பாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, ஒவ்வொன்றின் தொழிலையும் உணர்ந்தார்.

அவ்வறிவின் அருமையைக் கார்புரேட்டர் ஒன்றே காட்டும். அதனுள் காற்றும் பெட்ரோலும் தக்க அளவிற் கலத்தல் வேண்டும். மயிலத்துக் குன்றேறும் வண்டிக்கு இக்கவலையில்லை. உதகைக்கு ஏறும் வண்டிக்கோ, காற்று மெலிதலாற் பெட்ரோல் விகிதம் மிகும், கரும்புகை எழும், இழுவை குன்றும். அப்பொழுது சிறிய ஜெட் பூட்டல் வேண்டும். காற்றுவடிகட்டியையோ புகைக்குழாயையோ மாற்றினும் அளவு பிறழும். இதனைப் படித்தவர் சொல்வர். கழற்றிப் பூட்டியவரே செய்வர்.

1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஒன்றைத் தாமே ஓட்டலானார், அதுவே யு. எம். எஸ். நிறுவனமாய் வளர்ந்தது. 1937-இல் அவர்தம் தொழிற்சாலை மின்மோட்டாரை ஆக்கி அளித்தது. 1945-இல் கோவையில் தொழிற்கல்வி நிலையம் அமையக் காரணரானார். நெடுங்காலப் படிப்பு இளைஞர்தம் ஆண்டுகளை வீணாக்குவதென வாதிட்டார். 1974 ஜனவரி 4-ஆம் நாள் மறைந்தார்.

மாணவ நண்பர்காள்! பட்டம் நம் கையில் வரும். கைத்திறனும் உடன் வருமோவென்று நாமே நம்மை வினவுதல் தகும்.